நாய் போகும் இடம்

கண்டிப் பக்கத்துக் கலஹாவிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டப் பாதையின் மூன்றாவது வளைவு முடக்கில் ஒரு மஞ்சள் பலகை நின்றது. மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். சிங்களத்தில் மண்சரிவை ‘நாய யாம’ என்பார்கள். அதைத் தமிழில் எழுதப் பொறுப்பேற்றவர் யாரோ, எந்த ஊரில் எந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தாரோ, காதில் விழுந்ததை அப்படியே நம்பிவிட்டார். பலகை சொன்னது இதுதான்: ‘நாய் போகும் இடம். கவனம்.’

பலகை நட்ட அன்று பத்தாம் நம்பர் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த பதினாலு வீடும் வந்து நின்று வாசித்துச் சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஒன்று நடந்தது. அந்த லயத்தில் மண்சரிவுக்கு நாய் என்றே பெயர் விழுந்துவிட்டது. மழை தூறினால் “நாய் படுத்திருக்கு” என்றார்கள். வலுத்தால் “நாய் காத நிமித்துது” என்றார்கள். அதிகாரிகள் மூன்று வகுப்பு வைத்துப் படம் போட்டு விளக்கியும் யார் மனதிலும் நிற்காத ஒரு விஷயம், ஒரு எழுத்துப்பிழையால் ஒரே நாளில் எல்லார் வாயிலும் ஏறிக்கொண்டது.

அந்தப் பெயரைப் பிடித்து ஒழுங்கு செய்தவள் அழகம்மா.

அழகம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருடம் கொழுந்து பறித்தாள். முழங்கால் மலை ஏற மறுத்த பிறகு, தோட்டம் தரிசாக விட்டிருந்த சரிவில், லயத்து மற்ற வீடுகளைப் போலவே, பாத்தி வெட்டி பீன்ஸ் வகையான போஞ்சி போட்டாள். புருஷன் கண்டி டவுனில் ஒரு கட்டடத்துக்குக் காவல், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தூங்கிவிட்டுப் போவார். மழை அளக்கும் குழாயைப் பதிக்க வந்த அதிகாரிக்கு மரமும் கூரையும் மறைக்காத நாலடி இடம் தேவைப்பட்டது. அது அழகம்மாவின் வாசலில் இருந்தது. மழை பார்க்கும் பதவிக்கு அவளுக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

“வாசிக்கத் தெரியுமா?” என்று அதிகாரி கேட்டார்.

“பேப்பர் வாசிப்பேன் மாத்தயா. அதுல உள்ள எல்லாத்தையும் நம்ப மாட்டேன்.”

அவள் வைக்கும் குழம்பில் உப்பு ஒருநாளும் அளவாக விழுந்ததில்லை. சொன்ன நேரத்துக்கு அவள் எங்கேயும் போய்ச் சேர்ந்ததும் இல்லை. ஆனால் மழையை மட்டும் அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தாள். காலை எட்டரைக்கு ஒருமுறை, மழை வலுத்தால் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒருமுறை, குனிந்து கண்ணைக் குழாய்க்கு நேராக வைத்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். யாராவது வானத்தைப் பார்த்து “இன்னிக்கி ஒண்ணும் ஆகாது” என்றால், “வானத்தக் கேக்காத, குழாயக் கேளு” என்பாள். லயம் முழுக்க அவளைக் கேலி செய்ய அந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது.

இவ்வளவு அக்கறைக்கும் காரணம் ஒரு நீலப் பெரல், மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய்.

அந்தக் குழாய் வருவதற்கு முந்திய ஐப்பசியில் மேட்டு மண் லயத்தின் பின்பக்கத்தால் குசினிகளுக்குள் புகுந்தது. ஆட்கள் முன்பக்கமாக ஓடித் தப்பினார்கள். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப் போஞ்சிக்கு ஓடத் தெரியவில்லை. நிவாரணமாக அரிசி வந்தது, பருப்பு வந்தது, பாய் வந்தது, வீட்டுக்கு இரண்டு பல் பிரஷ் வந்தது. விதை வரவில்லை. டவுனில் வாங்கிய பெக்கட் விதை நன்றாகத்தான் முளைத்தது. ஆள் உயரத்துக்குக் கொடி ஏறிப் பூத்து, அந்த மலையின் ஈரத்தைக் கண்டதும் பூவையெல்லாம் கொட்டிவிட்டது. அந்தப் போகம் முழுக்கப் பதினாலு வீட்டிலும் பாணும் பருப்பும்தான். போஞ்சி இல்லையென்றதும் அதை வாங்கக் கம்பளையிலிருந்து வரும் லொறியும் நின்றது. லொறி வேறு மலைக்குப் பழகிவிட்டால் அதைத் திருப்பிக் கூப்பிடுவது சம்பந்தம் முறிந்த வீட்டில் மறுபடி பெண் கேட்பது மாதிரி.

கடைசியில், தூரத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்ட சின்னம்மா மகளிடம் பழைய விதை கொஞ்சம் இருப்பது தெரிந்து, அழகம்மா இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு சுண்டு வாங்கி வந்தாள். அதை விதைத்து, காய்த்ததைத் தின்னாமல் முற்றவிட்டு, மறுபடி விதைத்து, நான்கு போகத்தில் பதினாலு வீட்டுக்கும் விதை தேறியது, லொறியும் ஒருவழியாகத் திரும்ப வந்தது. வீட்டுக்கொரு துணிப்பை, பைக்குள் சாம்பல், பையின் வாயில் வீட்டு நம்பர். எல்லாம் அந்த நீலப் பெரலுக்குள். பெரல் அழகம்மாவின் முன் காம்பராவில். அது போனால் இன்னொரு சின்னம்மா மகள் கிடையாது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் சட்டம் இப்படி ஆனது. நாள் மழை எழுபத்தைந்து மில்லிமீட்டரைத் தொட்டால் ‘நாய் எந்திரிச்சிருச்சு’: பெரல் மேட்டுப் பாறைமேல், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போகும். நூறு என்றால் ‘நாய் குரைக்குது’: மாடும் வயசானவர்களும். நூற்றைம்பது என்றால் ‘நாய் அவுத்துக்கிச்சு’: எல்லாரும்.

“மனுசருக்கு முந்தி போஞ்சியா?” என்று கேட்டார் முத்துலிங்கம்.

“மனுசருக்குக் காலு இருக்குண்ணே.”

முத்துலிங்கம் கோயில் கமிட்டித் தலைவர். தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது, எதற்கும் கடைசியில்தான் சம்மதிப்பவர். அவர் எழுந்தால்தான் லயம் எழும்பும். எனவே பெரலைக் கட்டையில் கட்டித் தூக்கும்போது பின் பக்கத்தை அவரிடமே கொடுத்தாள் அழகம்மா. மேட்டில் ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் இருப்பவர் தோளில்தான் இறங்கும் என்பதை அவள் முதலிலேயே சொல்லவில்லை.

ஒன்றரை வருடத்தில் நாய் பதினொரு முறை எழுந்தது. பதினொரு முறையும் கொட்டாவி விட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. பதினொரு முறை பெரல் மேலே போய் வந்தது. அங்கேயே விட்டுவைக்கப் பிள்ளைக் காம்பரா ஆயா சம்மதிக்கவில்லை. எலி வரும், பிள்ளைகள் கொட்டையை எடுத்து மூக்குக்குள் விடும் என்றாள். இரண்டும் நியாயமான பயம்தான்.

பதினோராவது தடவை பெரலை இறக்கி வைத்துவிட்டு முத்துலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, இனிமே நூத்தம்பதுன்னு சொன்னாத்தான் நான் எந்திரிப்பேன். எழுவத்தஞ்சு, எம்பதுக்கெல்லாம் வேற ஆளப் பாத்துக்க.”

“நூத்தம்பதுல பெரல் தூக்க நேரம் இருக்காதுண்ணே.”

“அப்ப நான் ஓடுறேன். பெரல் அது பாட்டுக்கு உருண்டு வரட்டும்.”

இந்த நிலையில்தான் புது அதிகாரி நிலூஷா வந்தாள். ஹந்தானை லயத்தில் பிறந்து, பேராதனையில் படித்து, நீல ஜீப்பில் வந்து இறங்கிய பெண். பலகையைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“இத மாத்தணும் அக்கா. தமிழ் படிச்சவங்க பாத்தா எங்கள என்னா நெனப்பாங்க?”

“நல்லாத்தானே மிஸ் இருக்கு?”

“நாய்னு போட்டிருக்கு!”

“அப்படிப் போட்டதாலதான் சின்னதுங்ககூட வாசிக்குதுங்க.”

நிலூஷா கேட்கவில்லை. சரியான தமிழில் ஒரு பலகை எழுதி வாங்க அலுவலகத்தில் அவள் பட்ட பாட்டைப் பார்த்தால் கேட்கவும் முடியாது. அடுத்த தடவை ஜீப்பிலிருந்து புதுப் பலகை இறங்கியது. ‘மண்சரிவு அபாய வலயம்.’

“அபாய வளையலா?” என்றார் முத்துலிங்கம். “யாரு மிஸ் போட்டுக்கிறது?”

கூடவே அச்சடித்த தாள் ஒன்றையும் நிலூஷா கொடுத்தாள். ஆபத்து வந்தால் கோயில் ஒலிபெருக்கியில் அதில் உள்ளபடி வாசிக்க வேண்டும், நாய், பூனை எல்லாம் வேண்டாம். அழகம்மா தலையாட்டி வாங்கிக்கொண்டாள். பிடுங்கிப் போட்ட பழைய பலகையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரலின் மூடி வெடித்திருந்தது. பலகையை மேலே வைத்துக் கயிறு போட்டுக் கட்டினால் தண்ணீர் இறங்காது.

அதற்குப் பின் ஒன்பது நாள் மழை விடவில்லை. ஆனால் அது அடித்துக் கொட்டும் மழை இல்லை. கடன்காரன் மாதிரி வாசலில் நின்றுகொண்டே இருக்கும் மழை. முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தைந்து என்று கொப்பியில் ஏறியது. எந்த நாளும் எழுபத்தைந்தைத் தொடவில்லை. நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது.

பத்தாம் நாள் சனிக்கிழமை. கம்பளை லொறி வந்து முடக்கில் நின்றது. லொறிக்காரன் அஹ்னாப் போஞ்சி மூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அழகம்மா மூன்று மணிக்குக் குழாயைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. எழுதினாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள்.

மலை ஊற்றுக்கு மூங்கில் வைத்துத் தண்ணீரை இழுத்துவிட்டிருக்கும் பீலி அது. எந்த மழையிலும் கண்ணாடி மாதிரி விழும். இப்போது பால் தேத்தண்ணி நிறத்தில் விழுந்தது. அழகம்மா வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பிடித்தாள். அதே நிறம். பிறகு பீலி, தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இரண்டு முறை கமறியது. நின்றுவிட்டது. மழை பெய்துகொண்டிருக்கும்போது பீலி வற்றுவதை அவள் வாழ்க்கையில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். குசினிகளுக்குள் மண் புகுந்த அந்த முதல் நாயின் காலையில். அன்று தண்ணீரைத் திட்டிவிட்டுப் பக்கத்து லயத்துப் பீலிக்குப் போனாள்.

அவள் கொஞ்ச நேரம் வெற்று வாளியோடு நின்றாள். ஒன்றரை வருடமாக எல்லாரையும் குழாயைக் கேட்கச் சொன்னவள் அவள்தான். குழாய் ஐம்பத்திரண்டு என்கிறது. ஐம்பத்திரண்டுக்கு நாய் தலையைக்கூடத் தூக்காது. இப்போது போய், பீலி கமறுகிறது, எல்லாரும் ஓடுங்கள் என்று சொன்னால், இத்தனை நாள் வானத்தைப் பார்த்துச் சொன்னவர்களுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? ஓடி ஒன்றும் நடக்காவிட்டால் பன்னிரண்டாவது முறை. பதின்மூன்றாவது முறைக்கு யாரும் வர மாட்டார்கள்.

வாளியை அங்கேயே போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள்.

ஒலிபெருக்கியைப் போட்டு, நிலூஷாவுக்குக் கொடுத்த வாக்குப்படி தாளை எடுத்து வாசித்தாள். “மண்சரிவு முன்னெச்சரிக்கை, மூன்றாம் நிலை. அபாய வலயத்தினுள் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு உடனடியாக வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

லயம் அசையவில்லை. மூன்றாம் வீட்டில் ஒரு குரல் மட்டும் கேட்டது. “அந்த ரேடியோவக் கொஞ்சம் கொறச்சு வைங்களேன்!”

அழகம்மா தாளை மடித்து இடுப்பில் செருகினாள். ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டத்தில் பிடித்தாள்.

“ஏய்! நாய் அவுத்துக்கிச்சு! நாய் அவுத்துக்கிச்சுன்னு சொல்றேன்!”

பதினாலு கதவும் திறந்தன. பிள்ளைகளைத் தூக்கினார்கள், மாட்டை அவிழ்த்தார்கள், யாரோ அடுப்பில் கிடந்த சோற்றுச் சட்டியையும் தூக்கினார்கள். முடக்கில் அஹ்னாப் தோளில் இருந்த மூடையைக் கீழே போட்டுவிட்டு லொறிக்குள் பாய்ந்து இரண்டு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டான்.

முத்துலிங்கம் கோயில் வாசலில் வந்து நின்றார். கையில் குடை, முகத்தில் சந்தேகம். கதவைத் திறந்தவர்களெல்லாம் வாசலில் நின்று அவரைத்தான் பார்த்தார்கள்.

“எத்தன?” என்றார்.

வாசற்படியில் இறங்கி நின்று அழகம்மா அவர் கண்ணைப் பார்த்தாள். “நூத்தம்பது.”

அவர் மழையைப் பார்த்தார். குடைக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார். இந்த மழையா நூற்றைம்பது என்று அவர் கை கேட்டது. ஆனால் குழாய் விஷயத்தில் அழகம்மா அரை மில்லிமீட்டர்கூடத் தவறியதில்லை என்பது, அவளைக் கேலி செய்து செய்தே, அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. குடையை மடக்கினார்.

“கட்டைய எடு.”

பெரல் கட்டையில் ஏறியது. முன்னால் அழகம்மா, பின்னால் முத்துலிங்கம். பாதையெல்லாம் வழுக்கியது. லொறிவரை வந்ததும் அழகம்மா கண்ணாடியைத் தட்டினாள். அஹ்னாப் இரண்டு விரல் அகலத்துக்கு இறக்கினான்.

“எங்க அக்கா ஈக்கிது? வெறி நாயா?”

“மலைதான் நாய்! எறங்கி மூடையத் தள்ளு, பெரல ஏத்து.”

“மலையா?” அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். “யா அல்லாஹ், அத மொதல்ல செல்லுங்களே! கடிச்சா ஊசி போடணுமேன்னு நான் கலங்கிப்போய்க் குந்திட்டு ஈக்கிறேன்.”

பெரல் ஏறியது. நடக்க முடியாத ஏழு பேரும் ஏறினார்கள். லொறி பிள்ளைக் காம்பராவுக்குப் போனது. மற்றவர்கள் குறுக்குப் படியால் ஏறினார்கள். பன்னிரண்டாவது தடவையாக முத்துலிங்கம் மேட்டில் ஏறினார், ஆனால் முதல் தடவையாகத் தோளில் பாரம் இல்லாமல்.

நாலரை மணிக்கு, பாறைமேல் ஆயா கொடுத்த வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, கல் கொட்டுகிற லொறிகள் பத்து ஒரே நேரத்தில் பின்பக்கத்தைத் தூக்கின மாதிரி ஒரு சத்தம். லயத்தின் கீழ்க்கோடி மூன்று காம்பராக்களும், பதினாலு வீட்டுப் போஞ்சிப் பாத்தியும், கோயிலின் பின்சுவரும், சரியான தமிழில் எழுதிய புதுப் பலகையும் போய்விட்டன. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. காணாமல் போன ஒரு கோழியும் மறுநாள் காலையில் கோபத்தோடு திரும்பி வந்தது. மழைக்குழாய் மட்டும் ஒன்றும் நடக்காதது போல அழகம்மாவின் வாசலில் நிமிர்ந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை நிலூஷா வந்தாள். அழுத முகம். பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்திருந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் நின்று பேசினாள். பிறகு வெளியே வாங்கில் உட்கார்ந்து கொப்பியைக் கேட்டாள். அழகம்மா கொடுத்தாள். முத்துலிங்கம் நியாயமாக வந்த பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

நிலூஷாவின் விரல் சனிக்கிழமையில் நின்றது. “மூணு மணிக்கு அம்பத்திரண்டு. மூணே காலுக்கு எல்லாரையும் எழுப்பியிருக்கீங்க. எப்படி அக்கா?”

முத்துலிங்கம் குனிந்து கொப்பியைப் பார்த்தார். ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து நீட்டினார்.

“கை தவறியிருக்கும் மிஸ். முன்னால ஒரு ஒண்ணு விட்டுப்போச்சு. நூத்தம்பத்திரண்டு. இந்தா தங்கச்சி, போட்டுரு.”

“ஒண்ணும் விட்டுப்போகல. அம்பத்திரண்டுதான்.”

“எங்கிட்ட நூத்தம்பதுன்னியே?”

“சொன்னேன்.”

“பொய்யா?”

“ஆமாண்ணே.”

“கோயில்ல வச்சா?”

“கோயிலுக்குள்ள இல்ல. வாசப்படியில எறங்கி நின்னுதான் சொன்னேன்.”

முத்துலிங்கம் பேனையை மூடிப் பையில் போட்டார். இதற்குக் கோபப்படுவதா, இல்லை உயிரோடு நின்று கோபப்பட முடிகிறதே என்று சந்தோஷப்படுவதா என்று அவருக்கு உடனே முடிவு செய்ய முடியவில்லை.

அழகம்மா பீலியைப் பற்றிச் சொன்னாள். கலங்கியது, கமறியது, நின்றது. நிலூஷா கொப்பியைப் பின்னுக்குப் புரட்டி ஒன்பது நாளையும் கூட்டினாள். “மலை ஏற்கெனவே நெறஞ்சிருந்திருக்கு அக்கா. ஒரு நாள் அளவ மட்டும் பாக்கச் சொல்லிக் குடுத்தது எங்க பிழை. பீலி கலங்கினத ஏன் எழுதல?”

“கட்டம் இல்லையே மிஸ். மழைக்கு மட்டுந்தானே கட்டம் போட்டுக் குடுத்தீங்க.”

நிலூஷா அடிமட்டம் வாங்கி, மழைக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள். மேலே ‘ஏனைய இயற்கை அறிகுறிகள்’ என்று எழுத ஆரம்பித்தாள். ‘ஏனைய’ என்பதோடு நிறுத்தி, வெட்டிவிட்டு, ‘பீலி’ என்று எழுதினாள். பெரலின் மேல் கட்டியிருந்த பழைய பலகை அவள் கண்ணில் பட்டது. தளர்ந்திருந்த அதன் கயிற்றை அவளே இறுக்கிக் கட்டினாள்.

அடுத்த வாரம், பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் பாறைக்கும் சாலைக்கும் நடுவே இருந்த கல்லுப் பூமியைத் தோட்டத்தில் கேட்டு வாங்கிக் கொத்தினார்கள். நல்ல மண் இல்லை. ஆனால் எங்கேயும் போகாத மண். பெரலைத் திறந்து பதினாலு பையையும் எடுத்தாள் அழகம்மா. சாம்பல் காய்ந்தே இருந்தது. ஆயா மட்டும் தன் பிள்ளைகளின் மூக்குகளை எண்ணிக்கொண்டு நின்றாள்.

முத்துலிங்கம் குழி போட்டுக்கொண்டே கேட்டார். “அடுத்த தடவ எத்தனன்னு சொல்லுவ?”

“எத்தன இருக்கோ அத்தன.”

“அம்பத்திரண்டுன்னா நான் எந்திரிக்க மாட்டேன்னு நெனச்சுத்தானே பொய் சொன்ன?”

“எந்திரிச்சிருப்பீங்களா?”

முத்துலிங்கம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். மலையைப் பார்த்தார், லயம் இருந்த பக்கத்தைப் பார்த்தார்.

“மாட்டேன்” என்றார்.

“அப்பக் குழிய ஆழமாப் போடுங்க.”

அவர் குனிந்து குழிக்கு நாலு கொட்டையாகப் போட ஆரம்பித்தார். அழகம்மா பின்னாலேயே வந்து ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒன்றைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“மூணு போதும்ணே. நாலாவது பெரல்ல கெடக்கட்டும்.”